முடிவறியு முன்னர்

பரீட்சை எழுதி முடித்து, முடிவு வெளிவரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர்க்குக் காத்திருத்தலின் துன்பம் இன்னதென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உண்ட சோறு உடலில் ஒட்டுவதில்லை. படித்த பக்கத்தையே மீண்டும் மீண்டும் படிக்கிறோம். விடைத்தாளில் எழுதியதும் எழுதாது விட்டதும் இரவெல்லாம் கண்முன் வந்து நிற்கின்றன. எனினும் அவ்விசாரத்திற்கு ஓர் எல்லையுண்டு. தவறினால் மறுமுறை எழுதலாம். நாம் ஈண்டுக் கூறப் புகுவது அதனினுங் கடியதொரு காத்திருத்தலைப்பற்றி. ஐம்பது அறுபது பிராயத்தைக் கடந்த ஒருவர், உடம்பில் யாதொரு நோவுமின்றித் தமது காரியங்களைக் கவனித்துவருங் காலத்தில், இரத்தப் பரிசோதனையொன்றில் ஓர் இலக்கம் சிறிது உயர்ந்திருக்கக் காணப்படுகிறது. 'புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மேலும் சோதித்துப் பார்ப்போம்' என்கிறார் வைத்தியர். அன்று தொடங்கி முடிவு தெரியும் நாள்வரை அவர் நோயாளியுமல்லர், நோயற்றவருமல்லர்.

இத்தகைய விஷயம் கலாசாலைச் சஞ்சிகையொன்றிற்கு ஏற்றதாவென்று சிலர் வினவக்கூடும். ஏற்றதென்பதே நமது கருத்து. இதனைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் அப்பிராயத்தை எய்தியவர். இளைஞர்க்கோ தந்தையாரும் பெரிய தந்தையாரும் மாமன்மாரும் உளர். அன்றியும், ஆடவர் இவ்வுறுப்பைப்பற்றி வாய்திறக்கும் வழக்கமில்லை. நெஞ்சிலே வலியென்றால் வந்தவர் போனவர்க்கெல்லாம் சொல்லுவார். சிறுநீர்த்தாரையில் குறையென்றால் மனைவியிடத்தும் மறைப்பார். மறைத்த விசாரம் இருமடங்காகும் என்பதை அவரும் அறிவார். அறிந்தும் நாணம் தடுக்கிறது. அந்நாணத்தைச் சிறிது தளர்த்துவதற்கேனும் இக்கட்டுரை உதவுமென நம்புகிறோம்.

புராஸ்டேட் என்பது ஆடவர்க்கு மாத்திரம் உள்ளதொரு சுரப்பி. மூத்திரப்பையின் கீழே, சிறுநீர் வெளிவருங் குழாயின் தொடக்கத்தைச் சூழ்ந்து, பெரியதொரு நெல்லிக்காயளவில் அமைந்திருக்கிறது. விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் தொழில். வயது ஏற ஏற இச்சுரப்பி பருத்துவருதல் பெரும்பாலார்க்கு இயல்பு. அப்பருமன் புற்றன்று, புற்றாக மாறுவதுமன்று. இரவில் பலமுறை எழுந்து செல்லுதலும், தாரை மெலிதலும், விட்டுவிட்டு வருதலும் பெரும்பாலும் இதனால் நேர்வன. தொடக்கநிலைப் புற்றோ பொதுவாக யாதோர் அறிகுறியுங் காட்டுவதில்லை. காத்திருப்பவர் இவ்வுண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஏனெனில், விசாரமே மூத்திரப்பையை உறுத்த வல்லது. பரீட்சை மண்டபத்தின் வாயிலில் நிற்கும் மாணவர் இதனை அனுபவத்தால் அறிவர். முடிவை எதிர்நோக்கியிருப்பவர் முன்னிலும் அடிக்கடி எழுந்து சென்று, 'நேற்று இரண்டுமுறை, இன்று நான்குமுறை. நோய் முற்றிவிட்டது' என்று எண்ணுகிறார். அவ்வெண்ணம் மறுநாள் ஐந்தாம்முறை எழுப்புகிறது.

இனி, அவ்விலக்கம் யாதெனப் பார்ப்போம். அது பி.எஸ்.ஏ. எனப்படும் புரதத்தின் அளவாகும். இப்புரதத்தை அச்சுரப்பியின் உயிரணுக்கள் உண்டாக்குகின்றன. அதில் சிறிதளவு இரத்தத்திற் கசிகிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் இத்தனை நானோகிராம் என்று கணக்கிடுவர். 4க்கு மேற்பட்டால் ஆராயவேண்டும் என்பது நெடுநாளாக வழங்கிவந்த விதி. வயதுக்குத் தக்கபடி அவ்வெல்லையை மாற்றிக் கொள்வாருமுளர். அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 1986இல் இப்பரிசோதனையை அங்கீகரித்தபோது, புற்றுநோய் முன்னரே காணப்பட்டவரைக் கண்காணிப்பதற்கென்றே அங்கீகரித்தது. நோயைக் கண்டுபிடிக்க உதவுங் கருவியாக அது அனுமதி பெற்றது 1994இல். இச்சரித்திரம் அற்பமன்று. ஒரு வேலைக்கென்று எழுந்த கருவியை மற்றொரு வேலைக்குக் கொள்ளும்போது அதன் குறைகளையும் உடன் ஏற்கவேண்டியிருக்கிறது.

குறைகள் யாவை? சுரப்பி வெறுமனே பருத்திருந்தாலும் இலக்கம் உயரும். சுரப்பியில் அழற்சி கண்டாலும், சிறுநீர்ப்பாதையில் கிருமித்தொற்று இருந்தாலும் உயரும். பரிசோதனைக்கு முந்திய இரண்டொரு நாளில் சைக்கிளில் நெடுந்தூரம் சென்றாலும், தாம்பத்திய உறவு கொண்டாலுங்கூட உயர்தல் உண்டு. மறுதலையாக, சுரப்பிப் பருமனுக்கும் தலைமயிர் உதிர்தலுக்கும் கொடுக்கப்படும் பினாஸ்டிரைடு என்னும் மருந்து இவ்விலக்கத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆதலால் உட்கொள்ளும் மருந்து அனைத்தையும் வைத்தியருக்கு ஒளியாமற் சொல்லுதல் வேண்டும். இலக்கம் 4க்கும் 10க்கும் இடையில் நிற்பவருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்க்கே புற்று காணப்படுகிறது. 10க்கு மேற்படின் பாதிக்கு மேற்பட்டோர்க்குக் காணப்படுகிறது. மறுபுறத்தில், 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், இலக்கம் 4க்கு மேற்படாத முதியோரைத் திசு எடுத்துச் சோதித்தபோது நூற்றுக்குச் சுமார் 15 பேரிடத்தில் புற்று இருந்தது. ஆகவே இவ்விலக்கம் வழக்கில் வந்து நிற்கும் ஒரு சாட்சியேயன்றித் தீர்ப்பன்று. ஒருமுறை உயர்ந்து கண்டால், சில வாரங்கழித்து மறுபடியும் பார்த்தல் தகுமாவென்று வைத்தியரைக் கேட்பதில் தவறில்லை.

மேற்சோதனைகளின் வரிசையை அறிவதற்கு இங்கிலாந்து தேசத்து முறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இந்நோயைப்பற்றிய பெரிய ஆராய்ச்சிகள் சில அங்கே நடந்தவை. அந்நாட்டு ஆடவர்க்கு வரும் புற்றுகளுள் மிகுதியானதும் இதுவே. எண்மரில் ஒருவர்க்கு வாழ்நாளில் இந்நோய் காணப்படுகிறது. குடும்ப வைத்தியர் நிபுணரிடம் அனுப்பியதும், பெரும்பாலும் முதற்கண் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப்படம் எடுக்கப்படுகிறது. படத்தை ஆராய்பவர் 1 முதல் 5 வரை ஐயத்தின் அளவைக் குறிக்கிறார். 1, 2 என்பவை ஐயம் மிகக் குறைவென்பதையும், 4, 5 என்பவை திசு எடுத்துப் பார்க்கவேண்டும் என்பதையும் காட்டும். 3 என்பது இரண்டுங்கெட்டான். 576 பேரைக்கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, இங்ஙனம் படத்தை முன்வைத்தால் நாலில் ஒரு பங்கினர்க்கு ஊசிப் பரிசோதனையே வேண்டாமற் போகலாம் என்று காட்டிற்று. அதற்கு முன்னிருந்தவர்க்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஊசிப் பரிசோதனை என்றது, மெல்லிய ஊசியைச் செலுத்திச் சுரப்பியின் பல இடங்களினின்றும் நூல்போன்ற சிறு துண்டுகளை எடுப்பது. பன்னிரண்டு துண்டுகள் எடுப்பது பொது வழக்கு. அவற்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்து முடிவு சொல்ல ஒன்றிரண்டு வாரம் செல்லும். இடைநாட்களில் சிறுநீரில் இரத்தங் காணலாம். விந்தின் நிறமாற்றம் வாரக்கணக்கில் நீடிக்கவுங் கூடும். முன்கூட்டிச் சொல்லப்படாதவர் இதைக் கண்டு நடுங்கிப்போகிறார், இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் காய்ச்சலுங் குளிர்நடுக்கமுங் கண்டாலும், சிறுநீர் அடியோடு அடைபட்டாலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். முதுகெலும்பில் புதிதாகக் கடும்வலி தோன்றிக் கால்கள் வலுவிழந்தாலும் அவ்வாறே. பொறுமை என்னும் நற்குணத்திற்கு இவ்விடங்களில் வேலையில்லை.

அத்தேசத்தில் 2021 முதல் ஒரு நியதி ஏற்பட்டிருக்கிறது. புற்றுநோய் ஐயத்தின்பேரில் அவசரமாக அனுப்பப்பட்டவர்க்கு 28 நாட்களுக்குள் உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்பது அது. நோயாளியின் மனக்கலக்கத்தைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. எல்லார்க்கும் அது நிறைவேறுகிறதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் காத்திருத்தலுக்கு ஓர் அளவு வேண்டும் என்பதை வைத்தியசாலைகள் ஒப்புக்கொண்டது பெரிதே. நம்மவரும் ஒவ்வொரு சோதனையின்போதும், 'முடிவு எந்நாளில் வரும்? யார் சொல்லுவார்? நேரிலா, தொலைபேசியிலா? அந்நாளில் வராவிடில் யாரைக் கேட்பது?' என்னும் இந்நான்கையும் கேட்டு ஒரு தாளிற் குறித்துக்கொள்வாராயின், தொலைபேசி மணி அடிக்குந்தோறும் திடுக்கிடவேண்டியிராது.

ஐயம் ஏன் இத்துணை வருத்துகிறது? இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2016இல் வெளியிட்ட சோதனையொன்று இதற்கு ஒளிதருகிறது. 45 பேர் அதற்கு இசைந்து வந்தனர். கணிப்பொறித் திரையில் கற்கள் தோன்றும். ஒவ்வொரு கல்லின்கீழும் பாம்பு உண்டோ இல்லையோவென்று அவர் ஊகிக்கவேண்டும். பாம்பு வெளிப்பட்டால் கையிலே நோவுதரும் மின்சார அதிர்ச்சி உண்டாகும். அவருடைய வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்து கலக்கத்தின் அளவைக் கணித்தனர். அதிர்ச்சி நிச்சயம் வருமென்று அறிந்திருந்தபோது அவர் கலங்கியது குறைவு. வருதற்கும் வாராமைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பென்றிருந்தபோது கலக்கம் உச்சத்தை அடைந்தது. கயிற்றை அரவென்று மயங்கினவன் கதை நம்மவர்க்குப் பழையது. விளக்கைக் கொண்டுவந்தால் அம்மயக்கம் தெளியும். இங்கோ விளக்கு வருவதற்கு மூன்று வாரம் செல்கிறது. அதுகாறும் இருட்டிலே நிற்பவனைப் பார்த்து 'அஞ்சாதே' என்பது எளிது. அவன் அஞ்சுவது கோழைத்தனத்தாலன்று. மனித மூளையின் அமைப்பே அது.

ஆகையால் 'கவலைப்படாதீர்கள்' என்னும் உபதேசத்தை நாம் பயனற்றதென்றே கருதுகிறோம். இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. அதுவும் ஒரு பரீட்சையைப்பற்றியது. அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாகாணத்தில் வழக்கறிஞர் பரீட்சை எழுதினவர் முடிவுக்காக ஏறக்குறைய நான்குமாதம் காத்திருந்தனர். அம்மாகாணத்து ரிவர்சைடு சர்வகலாசாலையைச் சேர்ந்த கேட் ஸ்வீனி என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தவரும் அத்தகைய 230 பேரைத் தொடர்ந்து விசாரித்து, 2016இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நல்லதையே நினைக்க முயன்றவர், நினைவை அடக்க முயன்றவர், கெட்டதற்கு ஆயத்தமாக முயன்றவர் ஆகிய எவர்க்கும் அம்முயற்சிகளால் காத்திருக்குங் கலக்கம் பெரிதுங் குறையவில்லை. ஆனால் வியப்பு யாதெனில், அந்நான்குமாதமும் கலங்கியிருந்தவரே தவறியபோது அச்செய்தியை நன்கு தாங்கினர். தேறியபோது மிகவும் மகிழ்ந்தனர். கலங்காது நம்பிக்கையோடிருந்தவர் தவறியபோது இடிந்துபோயினர். எனவே காத்திருக்குங் காலத்துக் கவலை முழுவதும் வீணென்று சொல்வதற்கில்லை. கவலைப்படுவது மாத்திரமன்றிக் கவலைப்படுகிறோமே என்றும் கவலைப்படுவார் உளர். அவ்விரண்டாவதையேனும் அவர் இறக்கி வைக்கலாம்.

அவ்வம்மையாரின் பிற்கால ஆராய்ச்சிகளில் ஒரு வழி பயனுடையதாகக் காணப்பட்டது. மனத்தை முழுவதும் ஈர்த்துக்கொள்ளும் ஒரு வேலையில், நேரம் போனது தெரியாமல் ஈடுபட்டிருத்தலே அது. வெறும் பொழுதுபோக்கு இதற்குப் போதாது. சற்றே கடினமாயும் தமது திறமைக்கு எட்டுவதாயும் இருத்தல் வேண்டும். தச்சுவேலை அறிந்தவர் ஒரு நாற்காலியைச் செப்பனிடலாம். கணிதங் கற்பித்தவர் பேரப்பிள்ளைக்கு வடிவகணிதம் சொல்லிக்கொடுக்கலாம். வீணையிலோ ஹார்மோனியத்திலோ கைபழகினவர் பாதியில் விட்டதொரு பாட்டைத் திருத்தமாகப் பழகலாம். சாய்வுநாற்காலியில் கிடந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பது இவ்வகையிற் சேராது. அஃதன்றி, இரவு இரண்டுமணிக்கு அதிலே நோயின் பெயரைத் தேடிப் படிப்பது, தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்வதற்கு ஒப்பாகும். பகலில், மனைவியோ மகனோ உடனிருக்க, நம்பத்தக்க இடமொன்றில் ஒருமுறை படித்து வினாக்களை எழுதிக்கொண்டால் போதும். மேலும், பரிசோதனை முடிவு வைத்தியர் வாய்மொழிக்கு முன்னரே கைபேசியில் வந்துவிடுதல் இக்காலத்திற் பல நாடுகளில் உண்டு. அதனைத் தனியே திறப்பதா, வைத்தியரோடிருக்கும்போது திறப்பதாவென்று முன்னரே தீர்மானித்துக்கொள்ளுதல் நலம். வெள்ளிக்கிழமை மாலையில் திறந்துவிட்டுத் திங்கட்கிழமைவரை விளக்கஞ் சொல்வாரின்றித் தவிப்பவர் உளர்.

பென்சில்வேனியா மாகாணச் சர்வகலாசாலையில் இருந்த தாமஸ் போர்க்கோவெக் என்னும் மனநூற்புலவர் 1983இல் மற்றோர் உபாயத்தைச் சோதித்துக் கூறினார். கவலைக்கென்று நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணி ஒதுக்கவேண்டும். மற்றை வேளையில் கவலை எழும்போது, 'உனக்குரிய நேரம் மாலை ஐந்துமணி' என்று ஒத்திப்போடவேண்டும். ஐந்துமணிக்கு உண்மையாகவே உட்கார்ந்து கவலைப்படவேண்டும். கேட்பதற்கு நகைப்பாயிருக்கிறது. ஆயினும் அடக்கமுடியாததை ஒத்திப்போடுதல் மனத்திற்கு எளிது. கடன்காரனை வாராதே என்றால் வாசலில் நிற்பான், நாளை வா என்றால் போவான். படுக்கும் வேளைக்கு நெருங்கினதாக அந்நேரத்தை வைத்துக்கொள்ளலாகாது. இவற்றாலும் தணியாமல், உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் அற்றுப்போயின், அதனையும் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்; அதற்கும் சிகிச்சையுண்டு.

வீட்டாரும் சுற்றத்தாரும் செய்யத்தக்கது சிறிதே. செய்யத்தகாதது மிகப் பெரிது. திண்ணையில் வந்தமர்ந்து, 'இன்னாருக்கும் இப்படித்தான் இலேசாகத் தொடங்கிற்று. மூன்றுமாதத்தில் முடிந்துவிட்டது' என்று சொல்லுவோர் எவ்வூரிலும் இருக்கின்றனர். 'ஒன்றும் இராது, போங்கள்' என்று கையை உதறுவோர் அவர்க்கு மறுகோடி. முன்னவர் அச்சத்தை வளர்க்கிறார். பின்னவர் பேச்சை அடைக்கிறார். சொல்லத்தக்க ஒருவரைத் தேர்ந்து அவரிடம் முழுவதையுஞ் சொல்லிவிட்டு, மற்றவர்க்கு 'முடிவு வரட்டும், சொல்கிறேன்' என்று நிறுத்திக்கொள்ளுதல் உசிதம். மனைவிமார் பெரும்பாலும் முன்னரே ஊகித்தறிந்து வாளாவிருப்பர். அவரை விலக்கி வைப்பதால் இருவரும் தனித்தனியே விழித்திருக்க நேர்கிறது.

இனி, காத்திருப்பவர் அஞ்சும் அம்முடிவே வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்நோய் பிற புற்றுகள் பலவற்றைப்போல அவசரப்படுத்துவதன்று. நுண்ணோக்கியிற் கண்ட அணுக்களின் ஒழுங்கின்மையைக் கொண்டு அதன் கடுமையை அளக்கும் முறையை 1966இல் வகுத்தவர் மினியாபொலிஸ் நகரத்து டானல்டு கிளீசன். அம்முறையில் 6 என்பது இக்காலத்துத் திசு அறிக்கைகளில் காணப்படும் மிகத் தாழ்ந்த படி. 10 மிகக் கடியது. பத்துக்கு ஆறு என்று மாணவர் கணக்கிற் பார்த்து, பாதிதூரம் போய்விட்டதென்று அஞ்சினவர் பலர். இக்குழப்பத்தை நீக்குவதும் கருதியே 2014இல் நிபுணர்கள் 1 முதல் 5 வரை புதியதொரு தொகுதிமுறையை ஏற்றுக்கொண்டனர். பழைய 6 இப்பொழுது 1 ஆயிற்று. அந்நிலையிலுள்ள பலர்க்கு உடனே அறுவையுமில்லை, கதிர்ச்சிகிச்சையுமில்லை. இரத்தம், படம், திசு இவற்றை உரிய காலங்களிற் சோதித்துக் கண்காணித்து வருவதே முறை.

பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை 82,429 ஆடவரை இரத்தப் பரிசோதனை செய்து, சுரப்பியளவில் நின்ற புற்று காணப்பட்டவருள் 1,643 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு அறுவை. ஒரு பிரிவுக்குக் கதிர்ச்சிகிச்சை. ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு. பதினைந்தாண்டளவு தொடர்ந்த பின்னர் 2023இல் வெளியான கணக்கின்படி, அவருள் இந்நோயால் இறந்தவர் 45 பேர். அதாவது நூற்றுக்கு மூவருக்குங் குறைவு. மூன்று பிரிவுக்கும் இதில் பெரிய வேற்றுமையில்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவரிடத்து நோய் வேறிடம் பரவுதல் ஏறக்குறைய இருமடங்காயிருந்தது என்பதையும் மறைத்தலாகாது. வாரக்கணக்கில் ஆலோசித்து முடிவுசெய்ய இந்நோய் பெரும்பாலார்க்கு இடந்தருகிறது என்பதே இதனாற் பெறப்படுவது. எல்லார்க்கும் அன்று. நியூயார்க் நகரத்து இலக்கிய விமரிசகர் அனத்தோல் பிரொயார்டு என்பவர்க்கு 1989இல் இந்நோய் காணப்பட்டது. 1990இல் அவர் காலமானார். பிற்போக்கலாகாத வகையும் உண்டு. அவ்வகையின் குறிகள் தென்படின் வைத்தியர் தாமே விரைவுபடுத்துவர்.

முடிவு சொல்லும் நாளன்று தனியே போகலாகாது. புற்று என்னுஞ் சொல் காதில் விழுந்தபின் அவர் கூறுவதிற் பெரும்பகுதி மனத்தில் நில்லாது; உடன்சென்றவர் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். உண்டெனின், எத்தனை துண்டுகளில் உண்டு, எந்தத் தொகுதி, சுரப்பிக்கு வெளியே சென்றிருக்கிறதா, தீர்மானிக்க எத்துணைக் காலம் உண்டு என்பவற்றைக் கேட்கலாம். இல்லையெனின், அடுத்த இரத்தப் பரிசோதனை எப்பொழுது, எவ்விலக்கத்தைக் கண்டால் மீண்டும் வரவேண்டும் என்று கேட்டல் வேண்டும். இல்லையென்ற செய்தி வந்தபின்னும் கவலை அன்றே ஒழிவதில்லை. ஊசிப் பரிசோதனையில் நோயில்லையென்று தெரிந்தவர், ஆறுவாரம் சென்ற பின்னும் பிறரினும் மிகுதியாக அந்நோயை நினைத்துக் கவன்றனர் என்று 2004இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சி கூறுகிறது. வீட்டார் இதனை அறிந்து, 'அதுதான் இல்லையென்று சொல்லிவிட்டார்களே' என்று கடிந்துகொள்ளாதிருத்தல் நன்று. முடிவு எதுவாயினும் அறிக்கையின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி, முதலில் வந்த இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு சேர்த்து வைக்கவேண்டும். பின்னர் வேறொரு நிபுணரின் கருத்தைக் கேட்க நேருமாயின் அவர் முதலிற் கேட்பது அதுவே.